ஆனர்ஸ் என்பது நான்காவது வருடமா?

வழக்கமாக இங்கே கல்வெட்டு, ஏரி, ஊர்ப்பெயர் என்று ஏதாவது எழுதிக்கொண்டிருப்பவன் நான். இந்தத் தடவை ஒரு அரசு ஆவணத்தைப் பற்றி எழுதப்போகிறேன். காரணம் என் அக்கா மகள்.

அவள் உத்திரமேரூர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதம். ஜூன் மாதமே காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்து, மூன்று வாரம் வகுப்புக்கும் போய்விட்டாள். காலையில் பஸ், மாலையில் பஸ், மாதம் புதுமைப் பெண் திட்டத்தில் 1000 ரூபாய். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் க்யூட் தேர்வு மதிப்பெண் வைத்து வெளி மாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து இடம் வந்தது. நான்காண்டு பி.ஏ. ஆனர்ஸ், வரலாறு. பணம் கட்ட ஐந்து நாள் அவகாசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையில் பிரிண்ட் அவுட்.

"மாமா, இந்த ஆனர்ஸ்னா என்ன? சும்மா டிகிரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு வருஷம் கூட படிச்சா அப்படிப் பேர் போட்டுக் குடுப்பாங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

அந்த 'அவ்ளோதானா' என்னைக் குத்தியது. எனக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. நான் பி.இ. படித்தவன், ஆனர்ஸ் என்ற சொல்லைப் பழைய ஆட்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பார்த்ததோடு சரி. அன்று ராத்திரி உட்கார்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப் பாடத்திட்ட, கிரெடிட் வரைவுச் சட்டகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். மறுநாள் இரவும் படித்தேன். கோட் ரிவ்யூ பண்ணுவது என் பிழைப்பு. கமெண்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, கோட் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். அதே கண்ணோடுதான் படித்தேன்.

ஆவணம் என்ன சொல்கிறது

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணம் தெளிவாக இருக்கிறது. மூன்று வருடம், 120 கிரெடிட் முடித்தால் சாதாரண இளநிலைப் பட்டம். நான்கு வருடம், 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்கு மேல் எடுத்து, ஆராய்ச்சியிலும் விருப்பம் இருந்தால் நான்காம் வருடம் ஆய்வேடு எழுதி 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' வாங்கலாம். ஒரு வருடத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் வெளியேறினால் டிப்ளமோ. இரண்டுக்குமே கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். வெளியே போனவர் மூன்று வருடத்துக்குள் திரும்பி வரலாம். மொத்தம் ஏழு வருடத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும்.

இதோடு அதே ஆண்டு வந்த பி.எச்டி. விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.ஏ. இல்லாமலே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய வாசல். மறுக்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். மூன்றாண்டுப் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்கு 60 கிரெடிட். மொத்தம் 120ல் இது சரிபாதி. மிச்சம் 60ல் துணைப் பாடம் 24, பல்துறைப் பாடங்கள் 9, மொழித்திறன் 8, திறன் வளர்ப்பு 9, மதிப்புக் கூட்டுப் பாடங்கள் 6 முதல் 8, இன்டர்ன்ஷிப் 2 முதல் 4.

நான்காண்டு ஆனர்ஸில் முதன்மைப் பாடம் 80. மொத்தம் 160. மறுபடியும் சரிபாதி.

இதை இரண்டு மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காம் வருடத்தின் 40 கிரெடிட்டில் முதன்மைப் பாடத்துக்கு 20, துணைப் பாடத்துக்கு 8, ஆய்வேட்டுக்கு 12. ஆய்வேடு எழுதாதவருக்கு அந்த 12க்குப் பதிலாக மூன்று பாடங்கள். ஆய்வேட்டையும் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துக்கொண்டால் கூட 160ல் 92. அதாவது 57.5 சதவீதம். வரலாற்றில் ஆனர்ஸ் வாங்கும் பெண் தன் கல்லூரிக் காலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வரலாறு அல்லாததைப் படித்திருப்பாள்.

வேறு பாடங்கள் படிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வரலாறு படிக்கிறவருக்குப் புள்ளியியலும் நிலவியலும் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் சாதாரணப் பட்டத்தில் இருக்கும் அதே விகிதத்தை நான்கு வருடத்துக்கு நீட்டினால் அதன் பெயர் எப்படி மாறும்? பேக்கேஜின் அளவு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். என் முதல் பதில், ஒரு வருஷம் கூடப் படிச்சா பேர் மாறும் என்றது, ஆவணத்தின்படி கிட்டத்தட்ட சரி. அதுதான் பிரச்சினையே.

ஆனர்ஸ் முன்பு என்னவாக இருந்தது

இந்தச் சொல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1800ல் ஆக்ஸ்போர்டு கொண்டுவந்த தேர்வு விதியிலிருந்து அங்கே இரண்டு வகை மாணவர்கள் உருவானார்கள். பாஸ் பட்டத்தோடு போகிறவர்கள் ஒரு பக்கம். கூடுதல் கடினமான தேர்வை எழுதி வகுப்பு வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். வித்தியாசம் வருடக் கணக்கில் இல்லை, கேள்வித்தாளின் கடினத்தில் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனர்ஸைக் கொண்டுவந்தபோது அதைத் தனக்கேற்ற மாதிரி அமைத்துக்கொண்டது. இன்டர்மீடியட் இரண்டு வருடம். அதற்குப் பிறகு பாஸ் பி.ஏ. என்றால் இரண்டு வருடம், ஆனர்ஸ் என்றால் மூன்று வருடம், ஒரே பாடத்தில் ஆழமாக. ஆனர்ஸ் தேறியவர் தனியாக எம்.ஏ. வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, தேர்வும் எழுத வேண்டியதில்லை. கொஞ்ச காலம் கழித்து எம்.ஏ. பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டின் பலனை அனுபவித்தவர்களில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அறிஞர் அண்ணா. 1909ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை விட்டுவிட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர். பிறகு படிப்பைத் தொடர்ந்து சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே 1930ல் கல்யாணமும் ஆகிவிட்டது. அங்கே பி.ஏ. ஆனர்ஸ், பொருளாதாரமும் அரசியலும். 1934ல் அவர் வெளியே வரும்போது பெயருக்குப் பின்னால் எம்.ஏ.யும் சேர்ந்திருந்தது.

கணக்கைப் பாருங்கள். பாஸ் பி.ஏ. இரண்டு, எம்.ஏ. இரண்டு, மொத்தம் நான்கு. ஆனர்ஸ் வழி மூன்று. வீட்டில் பணமில்லாத, குடும்பம் வேறு இருக்கிற ஒரு இளைஞனுக்கு பழைய ஆனர்ஸ் ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. உழைப்பை அதிகமாகக் கேட்டது, காலத்தைக் குறைவாகக் கேட்டது.

புதிய ஆனர்ஸ் நேர்மாறு. நான்கு வருட ஆனர்ஸ் முடித்தவருக்கு எம்.ஏ. ஒரே வருடம்தான் என்று சொல்கிறார்கள். 4+1, 3+2 இரண்டுமே ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. இரண்டு வருடம் என்பதுதான் வழக்கம். அக்கா மகள் நான்கு வருடம் வெளியூரில் படித்துவிட்டு இங்கே வந்து எம்.ஏ. சேர்ந்தால் ஆறு வருடம். பட்டத்தோடு நிறுத்தி வேலைக்குப் போகிறேன் என்றாலும், போட்டித் தேர்வுக்கு மூன்றாண்டுப் பட்டமே போதும் என்று இருக்கும்போது, ஒரு வருடச் சம்பளம் போச்சு. வசதியுள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. அக்கா வீட்டுக்காரர் நெல் அரவை மில்லில் வேலை பார்க்கிறார்.

பழைய ஆனர்ஸ் என்ன மாதிரிச் சுதந்திரம் கொடுத்தது என்பதற்கு இன்னொரு உதாரணம், எஸ். சந்திரசேகர். பின்னாளில், 1983ல், நோபல் பரிசு வாங்கியவர். 1925ல் தன் 15ஆவது வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்குக் கணிதத்தின் மேல் ஆசை. அப்பா சொன்னதால் இயற்பியல் ஆனர்ஸ் எடுத்தார். ஆனாலும் கணிதத் துறை வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 1928ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது நேரில் போய்ச் சந்தித்தார். தான் படித்த குவாண்டம் கோட்பாடு பழசாகிவிட்டது என்று அந்தச் சந்திப்பில்தான் தெரிந்துகொண்டார். புதிதைத் தானே படித்து, அடுத்த வருடமே லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அப்போதும் அவர் இளநிலை மாணவர்தான். 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' என்று அவர் பட்டத்தில் எழுதியிருக்கவில்லை. நேரமும், ஒரே திசையில் போக அனுமதியும் இருந்தன.

பழசெல்லாம் பொற்காலம் என்று பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய ஆனர்ஸ் சில நூறு பேருக்கான ஏற்பாடு. அதற்கு முன்னால் நின்ற தேர்வுகள் கொடூரமானவை. ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். கும்பகோணத்தில் உதவித்தொகை போனது, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, கணிதம் தவிர மற்ற பாடங்களில் மனம் போகாததால். ஆனர்ஸ் அப்போதே இருந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அந்த வாசலுக்கே வர முடியும். 1950களின் பிற்பகுதியில் பி.யூ.சி.யும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபோது பழைய ஆனர்ஸ் இங்கே மெல்ல விடைபெற்றது. நிறைய பேர் கல்லூரிக்குள் வந்தார்கள். அது நடக்க வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தைப் பெரிதாக்கும்போது ஆழத்துக்கான ஒரு மூலையையும் சேர்த்தே மூடிவிட்டோம் என்பது என் வருத்தம்.

மூன்று விஷயம்

வெளியே என்ன நடந்தது என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் என்ற சிறிய கல்லூரி. அதன் தலைவர் ஃபிராங்க் எய்டலாட் ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர். 1922ல் தன் கல்லூரியில் ஆனர்ஸ் தொடங்கினார். கடைசி இரண்டு வருடம் மாணவர்கள் சிறு குழுவாக ஆசிரியரோடு உட்கார்ந்து விவாதிப்பார்கள். முடிவில் தேர்வு வைப்பவர் அந்த ஆசிரியர் இல்லை. வேறு கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் கேள்வித்தாள் எடுத்து, எதிரே உட்காரவைத்து வாய்மொழியாகவும் கேட்பார்கள். இன்றும் அங்கே அப்படித்தான். இதற்காகப் படிப்புக் காலத்தில் ஒரு வருடம் கூட்டவில்லை.

இலங்கையில் நம் மொழியிலேயே இதற்கு நல்ல சொல் இருந்தது. பொதுக் கலைமாணி, சிறப்புக் கலைமாணி. பொது மூன்று வருடம், சிறப்பு நான்கு வருடம். முதல் வருடத் தேர்வைப் பார்த்துச் சிறப்புக்கு ஆள் எடுப்பார்கள். பிறகு அந்தப் பாடம்தான் பிரதானம். பேராதனையில் க. கைலாசபதி தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர். அங்கேயும் நான்காவது வருடம் உண்டு. ஆனால் முதலிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. சும்மா ஒட்டவைத்த வருடம் இல்லை.

இவற்றையெல்லாம் பார்த்தால் ஆனர்ஸ் என்பதற்கு மூன்று விஷயம் தேவை என்று தோன்றுகிறது. ஒரே பாடத்தில் ஊறுவதற்கான நேரம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சிறிய வகுப்பு, அதற்கு நிலையான ஆசிரியர். கடைசியில், சொல்லிக்கொடுத்தவர் அல்லாத இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வது.

மூன்றாவது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், 919லும் 921லும் வெட்டியது. குடவோலைக்குப் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஆனால் ஒரு விலக்கு உண்டு: ஒரு வேதமும் நான்கு பாஷ்யத்தில் ஒன்றும் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். படிப்பு சொத்துத் தகுதியைப் பாதியாக்குகிறது. 'தெரிந்தவர்' என்பதை எப்படி முடிவு செய்வது? அதற்கும் சொல் இருக்கிறது: வக்காணித்து. அதாவது பிறருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கல்வெட்டைக் கொண்டாடுகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபையின் விதி. பெண்ணுக்கோ, நிலமில்லாதவருக்கோ, வேதம் படிக்க விடாமல் தடுக்கப்பட்டவருக்கோ அதில் இடம் இல்லை. என் அக்கா மகள் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது, என் பெயரும்தான். ஆனால் படிப்பை வருடத்தால் அளக்காமல் விளக்கிச் சொல்லும் திறனால் அளந்தார்களே, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணத்தை இதில் வைத்துப் பார்த்தால்

நேரம்: பாதிதான். கணக்கு மேலே போட்டாயிற்று.

ஆசிரியர்: இங்கேதான் சொல் நம்மைக் கேலி செய்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பெயர் 'கௌரவ விரிவுரையாளர்'. ஆனர்ஸ் என்ற சொல்லுக்கும் கௌரவம் என்றுதான் அர்த்தம். கௌரவத்தை ஆசிரியர் பெயரில் வைத்துவிட்டுச் சம்பளத்தில் வைக்காமல் விட்டோம். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஒரு பெண்ணின் ஆய்வேட்டை இரண்டு செமஸ்டர் கூடவே இருந்து எப்படி வழிநடத்துவார்? நான்காம் வருடம் கேட்கும் முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். இது மத்திய ஆவணத்துக்கும் பொருந்தும், நம் மாநிலத்துக்கும் பொருந்தும்.

வெளி ஆள் முன்னால் பதில் சொல்வது: ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட் என்று அழுத்தமாகச் சொல்கிற ஆவணம், அதை யார் எப்படிக் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள் என்பதற்கு அதே அழுத்தம் கொடுக்கவில்லை. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) பி.இ. கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து சென்னையில் ஒரு புராஜெக்ட் சென்டருக்குப் போனோம். பணம் கட்டினோம். கோட், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் கையில் வந்தது. வைவாவில் ஒரே கேள்வி: "இது எந்த லாங்குவேஜ்?" பதில் சொன்னோம், பாஸ். இருபது வருடம் கழித்தும் அந்த ரிப்போர்ட் என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத ஆய்வேடு இப்படித்தான் முடியும். ஒரு நாள் வரலாற்றுக்கும் புராஜெக்ட் சென்டர் வந்துவிடும்.

வெளியேறும் வாசல்

எனக்கு அதிகம் கவலை தந்தது வேறு ஒன்று. திங்கட்கிழமை அக்கா சொன்னாள்: "தம்பி, ஒரு வருஷம் போயிட்டு வரட்டும்டா. பிடிக்கலன்னா ஒரு வருஷத்துக்கே சர்ட்டிபிகேட் குடுப்பாங்களாமே. நல்ல இடம் ஏதாச்சும் வந்தாலும் பாத்துக்கலாம்."

நல்ல இடம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

சாஃப்ட்வேரில் ஒரு புரோகிராம் பாதியில் நிற்க வேண்டி வந்தால் ஒழுங்காக நிற்கும்படி எழுதுவோம். அது நல்ல பழக்கம். ஆவணத்தை எழுதியவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பாதியில் விட்டவள் கையில் எதுவுமே இல்லாமல் போவதைவிட ஒரு சான்றிதழாவது இருக்கட்டும் என்பது இரக்கமுள்ள யோசனைதான். ஆனால் வாசல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது. இதுவரை "டிகிரி முடியட்டும்" என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துத்தான் நம் பக்கத்துப் பெண்கள் மூன்று வருடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வருடத்திலேயே ஒரு காகிதம் கொடுத்தால், "அதான் ஒண்ணு வாங்கிட்டியே, போதும்" என்று சொல்வதற்கு வீட்டுக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிடுகிறது. திரும்பி வர மூன்று வருடம் இருக்கிறது என்கிறார்கள். கல்யாணமாகி மூன்று வருடத்துக்குள் விடுதிக்குத் திரும்பிய பெண் எங்கள் தெருவில் யாருமில்லை.

விதிகளைச் சரியாக எழுத நேரம் எடுக்கும் என்பதும் உண்மை. எங்கள் ஊர்ச் சபையே 919ல் போட்ட விதியை இரண்டு வருடத்தில் திருத்திவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013ல் நான்காண்டுத் திட்டம் கொண்டுவந்து 2014 ஜூனில் கைவிட்டது. சேர்ந்த பிள்ளைகளை மூன்றாண்டுக்கு மாற்றினார்கள். திருத்துவது தப்பில்லை. ஆனால் கல்லில் திருத்தினால் கல்லுக்கு வலிக்காது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும்

தமிழ்நாடு இந்தத் திட்டத்தை ஏற்காமல் மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றது. வெளியேறும் வாசல் பற்றிய கவலையில் நான் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் மறுத்ததோடு வேலை முடிந்துவிட்டதா? பழைய ஆனர்ஸ் போன இடம் அறுபது வருடமாகக் காலியாகவே இருக்கிறது. நம்மிடம் ஆனர்ஸ் என்ற சொல் இல்லாமல் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு விவசாயப் பட்டத்துக்கே பி.எஸ்சி. ஆனர்ஸ் என்று பெயர்; சேர்கிற எல்லோருக்கும் அதே பட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளில் 18 கிரெடிட் கூடுதலாக எடுத்து, 7.5 சி.ஜி.பி.ஏ.வும் வைத்திருந்தால் பி.இ. ஆனர்ஸ் உண்டு. இது பரவாயில்லை, காலத்தைக் கூட்டாமல் உழைப்பைக் கேட்கிறது. பொறியியலுக்குக் கொடுத்ததை வரலாற்றுக்கும் தமிழுக்கும் கணிதத்துக்கும் ஏன் கொடுக்கவில்லை?

மூன்று வருடத்துக்குள்ளேயே செய்யலாம். இரண்டாம் வருடத்திலிருந்து விருப்பமுள்ள ஐந்தாறு பேர், ஒரு நிரந்தர ஆசிரியர், வாரத்துக்கு ஒரு மதியம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வரலாறு படிக்கிறவருக்குப் படிக்கக் கல்வெட்டுக்கா பஞ்சம்? கடைசியில் வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து, கோயில் சுவர் முன்னால் நிற்கவைத்து, "இந்த வரியைப் படி, ஏன் இப்படிப் படிக்கிறாய் என்று சொல்" என்று கேட்கட்டும். அதில் தேறினால் ஆனர்ஸ். நான்காம் வருட விடுதிக் கட்டணம் எதுவும் தேவையில்லை.

அவள் என்ன செய்தாள்

புதன்கிழமை அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். இங்கேயே படி என்று நான் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் பேச்சு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது என்று எனக்கே தெரிந்தது. மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்: வகுப்பில் எத்தனை பேர்? வரலாற்றுத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? போன வருட மாணவர்களை யார் வெளியிலிருந்து வந்து தேர்வு செய்தார்கள்?

அவளே போன் பண்ணினாள். முதல் இரண்டுக்குப் பதில் கிடைத்தது, மோசமில்லை. மூன்றாவது கேள்வி ஆபீஸில் யாருக்கும் புரியவில்லை.

"போகாதேன்னு சொல்றீங்களா மாமா?"

"இல்ல. யோசின்னு சொல்றேன்."

"நீங்க கல்வெட்டு படிக்கக் கத்துக்கிட்டது நாப்பது வயசுல. அதுவும் ஞாயித்துக்கிழமைல. எனக்கு இப்பவே வேணும். அங்க கல்வெட்டுக்குன்னே ஒரு பேப்பர் இருக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆவணத்தைப் பற்றிய என் விமர்சனம் எல்லாம் சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் குறையுள்ள வாசலாக இருந்தாலும் வாசல் இருக்கிற இடத்துக்குத்தான் பதினெட்டு வயதுப் பெண் போவாள். இங்கே நாம் எதையும் திறந்து வைக்கவில்லை.

வியாழக்கிழமை பணம் கட்டினோம். அக்காவிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன்: "இது நாலு வருஷப் படிப்பு. நடுவுல சர்ட்டிபிகேட்னு ஒண்ணும் கிடையாது." தெரிந்தே சொன்ன பொய். அக்கா நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு உதவி. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சென்னைப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆனர்ஸ் படித்திருந்தால், பரணில் அந்தக் காலக் கேள்வித்தாள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்புங்க. வரலாறாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிரதி வெளி மாநில விடுதி ஒன்றுக்கும் போகும்.